மிதிவண்டி நகரம் கோபன்ஹேகன்

தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனியர் கோட்டையைக் கண்டோர் நம்முள் பலர். அக்கோட்டையை எழுப்பியோரும், 1706-ஆம் ஆண்டில் அக்கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் எந்நகரினின்று கலமேறினர் என்று வினவுவோர் சிலரே. அதுவே டென்மார்க்குத் தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகன். வணிகர் துறை என்பது அப்பெயரின் பொருள். கடற்கரையூர்களைப் பட்டினமென்று வழங்கும் நமக்கு இப்பெயர் புதுமையன்று. சென்ற கோடையில் மாணவர் குழுவொன்றுடன் அங்கே ஐந்து நாள் தங்கும் பேறு பெற்றோம். ஆண்டு எம் உள்ளத்தைக் கவர்ந்தது அரண்மனையுமன்று, ஆலயக் கோபுரமுமன்று, தெருவேயாம்.

நகரம் சிறியது, 100 சதுரக் கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பில் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். நிலமோ மேடு பள்ளமின்றிச் சமமாயுள்ளது. சென்றிறங்கிய முதல் நாளில், கையில் மூட்டையுடன் வழுவழுப்பான ஓர் ஓரப் பாதையில் நின்று தெருப்பெயரை எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தோம். பின்னே மணி ஒலித்தது. காய்கறிக் கூடையைக் கைப்பிடியில் மாட்டிய மூதாட்டியார் ஒருவர் எம்மை உராய்வதுபோற் கடந்து ஏதோ மொழிந்து சென்றார். மொழி விளங்கவில்லை, குற்றம் விளங்கிற்று. யாம் நின்றது மிதிவண்டித் தடம்!

பெருந்தெருக்கள் பலவும் மூன்று படிகளாய் அமைந்துள்ளன. உயர்ந்த படி நடப்போர்க்கு. அதனினும் சிறிது தாழ்ந்தது மிதிவண்டிக்கு. அதற்கும் தாழ்ந்தது மோட்டார் வண்டிக்கு. நிறுத்தப்படும் மோட்டார்கள் பல இடங்களில் தடத்திற்கும் சாலைக்கும் நடுவே நிற்பதால், அவையே மதில்போற் காக்கின்றன. வெறுங்கோடு கிழித்துவிட்டால் வண்டிகள் அதன்மேல் ஏறும். கல் வரம்பின்மேல் ஏறத் தயங்கும். இவ்வளவே இதன் சூட்சுமம். ஆயினும் இச்சிறு வரம்பினாலன்றோ பள்ளிச் சிறாரை வீதியில் தனியே விடுத்துத் தாயர் அஞ்சாதிருக்கின்றனர்!

வாடகை வண்டியெடுப்போர் சில விதிகளை அறிதல் நலம். போக்குவரவு அங்கே வலப்புறமாதலின் தடத்தின் வலவோரமாய்ச் செல்லுக. முந்துவோர் இடப்புறமாய் முந்துவர். நிற்குமுன் கையை உயர்த்திக் காட்டல் வேண்டும். இடப்பக்கம் திரும்புவோர் நாற்சந்தியின் நடுவே குறுக்கிடலாகாது. நேரே அப்புறஞ் சென்று நின்று, விளக்கு மாறியபின் மறுபடி கடத்தல் வேண்டும். பேருந்தினின்று இறங்குவோர் நேரே தடத்தில் அடிவைக்கும் இடங்களில் வண்டியை நிறுத்தி அவர்க்கு வழிவிடுதல் முறை. நொரெப்ரோ வீதியில், காலையில் நகரினுள் வருவோர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பாராயின், பச்சை விளக்கே தொடர்ந்து எதிர்கொள்ளுமாறு அமைத்துள்ளனர். எமக்கோ எதிர்காற்றில் அவ்வேகம் கைகூடவில்லை. குன்றில்லாத அவ்வூரில் காற்றே குன்று.

இவையெல்லாம் டேனியர்க்குப் பிறவியிலேயே வாய்த்தன என்று யாமும் எண்ணியிருந்தோம். அது பிழை. மிதிவண்டியாளர் சங்கம் 1905-லேயே தோன்றியதும், இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சத்தில் நகரமே மிதிவண்டியில் ஊர்ந்ததும் உண்மையே. ஆயின், போருக்குப்பின் செல்வம் பெருகவே மோட்டார்கள் மலிந்தன. பழைய சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. நகரின் அழகிய ஏரிக்கரையோரமாகப் பெருஞ்சாலை ஒன்று அமைக்கவும் திட்டம் வகுத்தனர். 1962-இல் ஸ்ட்ரோகெட் என்னும் கடைவீதியை நடப்போர்க்கே உரியதாக்கியபோது, வாணிகம் கெடுமென்று வணிகர் பலர் முறையிட்டனர். வீதியோ கூட்டத்தால் நிரம்பிற்று. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிறுதோறும் மோட்டார் ஓட்டல் தடைசெய்யப்பட்டது. வெறுமையான வீதிகளின் இன்பத்தை மக்கள் அப்போது நுகர்ந்தனர். ஏரிக்கரைத் திட்டம் அப்பதிற்றாண்டில் கைவிடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான மிதிவண்டியாளர் நகரமண்டபத்தின் முன்னர்த் திரண்டு, பிழைத்து வீடு திரும்பத்தக்க தடங்களைக் கேட்டனர். கேட்டது ஒருநாளில் கிட்டவில்லை. வீதி வீதியாக, ஆண்டாண்டாகக் கிட்டிற்று. மக்கள் இரந்து பெற்றதன்று, வற்புறுத்திப் பெற்றது என்பதே எம் கருத்து.

குறைகளும் உள. மிதிவண்டித் திருட்டு மிகுதி. காலை வேளையில் லூயிசா அரசி பாலத்தின்மேல் நெருக்கம் புதியவரை நடுங்கச் செய்யும். தயங்குவோரை அவ்வூரார் பொறார்.

கடைசி நாள், துறைமுகத்தின் குறுக்கே 2016-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தோம். நடப்போர்க்கும் மிதிவண்டிக்குமே உரிய பாலம் அது. கப்பல் வருங்கால் இருபாதியாய் விலகி வழிவிடும். அக்கரையில் சிறிது தொலைவிலேயே ஆசியக் கம்பெனியின் பழைய மாளிகை நிற்கின்றது. தரங்கம்பாடி வாணிகத்தை நடத்திய கம்பெனியின் வாயிலில், வாடகை மிதிவண்டியைச் சாய்த்து நின்றோம். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்கு மன்னர்க்குத் தமிழில் பொன்னேட்டில் விடுத்த திருமுகம் அந்நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தமிழ் பயில்வோராகிய யாம் அதனைக் காண விழைந்தும் இயலவில்லை. ஆறு மணிக்குள் வண்டியைக் கடைக்காரரிடம் ஒப்புவித்தல் வேண்டியிருந்தது.