சொல்ல வெட்கப்படும் ஒரு நோயும் எடுக்கக் கடினமான ஒரு பட்டையும்

மார்க்கச் சந்தேகம் கேட்க வரும் பெண்கள் சில விஷயங்களைத் தமக்காகக் கேட்பதில்லை. "மௌலவி, எங்கட மாமிக்குத்தான் கேக்கிறன். இருமினா, தும்மினா வுழூ முறிஞ்சி போகுதாம். சுஜூதுக்குப் போகேலாம இரிக்கிதாம்" என்பார்கள். கேட்பவர் மாமியா மருமகளா என்று நாம் துருவிப் பார்ப்பதில்லை. கேள்வி வுழூவைப் பற்றியது. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது ஒரு நோய். அதற்கு மார்க்கத் தீர்ப்புக்கு முன்னரே மருந்தும் உண்டு என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு லாஞ்சில் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பயணத்துக்கு முதல் நாளிரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோர் அவர்களில் இருக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப்பாதைக்காக வெயிலில் காத்திருந்த தாய்மாரும் இப்படித்தான் தாகத்தை அடக்கினார்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் தடித்து, பை இன்னும் எரிச்சலடைந்து, உபாதை கூடுமே தவிரக் குறையாது.

இந்நோயில் இரு வகை உண்டு. இருமல், தும்மல், சிரிப்பு, தண்ணீர்க் குடம் தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிவது ஒன்று. பிள்ளைப்பேறுகளால் இடுப்படித் தசைகள் தளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். முதுமை, உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியனவும் சேரும். மற்றது, திடீரென அவசரம் எழுந்து கழிவறையை அடையும் முன்பே போய்விடுவது. இவ்விரண்டையும் பிரித்தறிவது முக்கியம். நாம் பேசப்போகும் பட்டை முதல் வகைக்கு மாத்திரமே உரியது.

சுவீடன் தேசத்து உல்ப் உல்ம்ஸ்டன், அவுஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸ் ஆகிய வைத்தியர்களின் ஆராய்ச்சியிலிருந்து 1990களின் நடுப்பகுதியில் இந்தப் பட்டை பிறந்தது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமான வலைப்பின்னல் நாடா அது. கயிறும் சாக்கும் செய்யப்படும் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இனத்தால் ஆனது. சிறுநீர் வழியின் அடியில் ஒரு தொட்டில் போல இதை வைப்பார்கள். நாடாவின் இரு முனைகளும் ஒன்றில் இடுப்பெலும்பின் பின்புறமாக அடிவயிற்றுக்கு ஏறும், அல்லது எலும்பின் துவாரம் வழியே தொடை இடுக்குக்குச் செல்லும். அரை மணி நேர வேலை. பெரும்பாலும் மறுநாளுக்குள் வீடு போகலாம். உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்களுக்கு வைக்கப்பட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் இது பயன்பட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் சுகமடைந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கருப்பை இறக்கத்துக்காக வைக்கப்படும் பெரிய வலை வேறு. அதன் விற்பனையை நிறுத்தும்படி அமெரிக்க அரசு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இந்தப் பட்டைக்கு உரியதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுவோர் இருக்கிறார்கள்.

ஆனால் சிலருக்கு இந்த நாடா உள்ளே பகையாகிவிடுகிறது. அது பிறப்பு வழியின் சுவரை அரித்து வெளியே தலை நீட்டலாம். சிறுநீர்ப்பைக்குள் புகலாம். சிறுநீர் கழிய விடாமல் நெரிக்கலாம். தொடை, இடுப்பு, இல்லற உறவு எங்கும் தீராத நோவு வரலாம். அப்போதுதான் அதை வெளியே எடுக்கும் கேள்வி எழுகிறது, உண்மையான சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கிண்ணியாவின் கண்டல் ஓரத்தில் பழைய வலை சிக்கிக் கிடப்பதை நம் மீனவர்கள் அறிவார்கள். வேர்கள் அதன் கண்களுக்குள்ளால் வளர்ந்துவிட்ட பிறகு வலையை இழுத்தால் வேரும் சேர்ந்து பிய்யும். இந்த நாடாவும் அப்படித்தான். அதன் துவாரங்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு செய்யப்பட்டது. பொருத்துவதற்கு அரை மணி என்றால் முழுவதையும் எடுக்கப் பல மணி நேரம் ஆகலாம். பிறப்பு வழியால் மாத்திரமன்றி, அடிவயிற்றையோ தொடை இடுக்கையோ திறந்தும் தேட வேண்டி வரும். இரத்தப் போக்கு, சிறுநீர்ப்பைக் காயம், நரம்புக் காயம் ஆகிய ஆபத்துகள் உண்டு. முழுவதும் எடுக்க முடியாமலும் போகலாம். எடுத்தும் நோவு தீராமல் இருக்கலாம். பழைய கசிவு திரும்பவும் வரலாம். நெரிப்பு மட்டும் என்றால் நாடாவை நடுவில் வெட்டிவிடுவதே போதுமாகவும் இருக்கும். ஆகவே எடுப்பதா, எவ்வளவு எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இங்கிலாந்தில் 2006 முதல் 2015 வரை பட்டை வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் பகுதியாகவோ முழுமையாகவோ அகற்ற வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு 3.3 பேர் என்று அது கணித்தது. சிறிய தொகைதான். ஆனால் நோவோடு இருந்தும் அகற்ற ஆள் கிடைக்காதவர்கள் இக்கணக்கில் இல்லை.

அத்தகைய பெண்களின் போராட்டம் ஸ்கொட்லாந்தில்தான் பெரிதாக வெடித்தது. எலெய்ன் ஹோம்ஸ், ஓலிவ் மெக்கில்ராய் என்ற இரு பெண்கள் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 2014இல் அங்கு இச்சிகிச்சையை நிறுத்தி வைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. உள்ளூரில் நம்பிக்கை இழந்த சிலர் சொந்தப் பணத்தில் அமெரிக்கா சென்று அகற்றிக்கொண்டார்கள். அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2022இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. முழுவதும் எடுத்தாயிற்று என்று சொல்லப்பட்டும் உள்ளே மிச்சம் இருந்ததாக முறையிட்டவர்களின் வைத்தியப் பதிவுகளைப் பேராசிரியை அலிசன் பிரிட்டன் தலைமையில் மீளாய்வு செய்தார்கள். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இச்சிகிச்சை இடைநிறுத்தப்பட்டது. சீமாட்டி கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020இல் அறிக்கை தந்தது. அதன் பின்னரே பட்டை அகற்றுவதற்கென விசேட நிலையங்கள் அமைந்தன. அவுஸ்திரேலியாவில் 2019 நவம்பரில் நீதிபதி ஆனா கட்ஸ்மன், உற்பத்தியாளரான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமம் ஆபத்துகளைச் சரியாக எச்சரிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தார்.

கம்பர்லெஜ் குழுவின் முன் வந்த பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நாங்கள் நோகிறது என்றோம், யாரும் நம்பவில்லை. வயதுக் கோளாறு, மனக் கோளாறு என்று அனுப்பப்பட்டார்கள். படித்த, வாய் திறந்து பேசக்கூடிய பெண்களுக்கே அந்நிலை என்றால், கணவனிடமும் சொல்லாத நம் ராத்தாமாரின் நிலை என்ன? இந்தக் கட்டுரையை வீட்டு ஆண்களும் வாசித்தால் நல்லது.

சகோதரிகளே, கசிவு என்றதும் கத்தியை நினைக்க வேண்டாம். அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் 1948இல் விளக்கிய இடுப்படித் தசைப் பயிற்சியே இன்றும் முதற் சிகிச்சை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்துப் பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறையாவது, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். தொழுது முடித்த முஸல்லாவிலேயே செய்துகொண்டால் மறக்காது. ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்பதை பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக்கொள்வது அவசியம். மூன்று வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவோரே அதிகம். எம்.ஓ.எச். அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக்கிலோ, வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடமோ சொன்னால் பெரியாஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்கள். பெண் வைத்தியர் இருந்தால் அவரையே நாடுங்கள். இல்லாதபோது, துணைக்கு ஒரு பெண் நிற்க, தேவையான அளவுக்கு ஆண் வைத்தியரிடம் காட்டுவதை நமது ஃபுகஹாக்கள் தடுக்கவில்லை.

தொழுகையை இதற்காக விட்டுவிட வேண்டாம். இடையறாது கசிவோர் நேரம் வந்த பின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தாமதியாமல் தொழுவது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அதன் பின் கசிந்தாலும் குற்றமில்லை. இருமும்போது மட்டும் கசிபவருக்கு இச்சலுகை இல்லை. கசிந்தால் சுத்தம் செய்து மீண்டும் வுழூச் செய்ய வேண்டும். நின்றால் கசியும், உட்கார்ந்தால் நிற்கும் என்பவர் உட்கார்ந்தே தொழட்டும்.

பயிற்சியும் பலன் தராமல் ஒப்பரேஷன் என்று வந்தால், பெண்நோய் நிபுணரிடம் நேரே கேளுங்கள்: உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைப்பீர்களா? பிறகு தொல்லை தந்தால் எடுப்பது யார், அவர் இதற்கு முன் எடுத்திருக்கிறாரா? வேறு வழி உண்டா? வேறு வழி உண்டு. சொந்த வயிற்றுச் சுவரின் தசையுறையிலிருந்தே பட்டை எடுத்துத் தாங்கு கொடுப்பது பிளாஸ்டிக்கிற்கு முந்திய முறை. பிறப்பு வழியின் சுவரைத் தையலிட்டு உயர்த்தி நிறுத்துவதும் அவ்வாறே. இவை கொஞ்சம் பெரிய ஒப்பரேஷன்கள், குணமாக நாளெடுக்கும்.

ஏற்கனவே பட்டை வைத்து, தொல்லையின்றி இருப்பவர் அதை எடுக்கத் தேவையில்லை. மெல்பனிலோ லண்டனிலோ பிள்ளைகளோடு இருந்தபோது வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய தாய்மாரும் உண்டு. அவர்கள் அந்த ஒப்பரேஷன் குறிப்பின் பிரதியைப் பிள்ளைகள் மூலம் எடுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கம்பனிப் பட்டை, அடிவயிற்று வழியா தொடை வழியா, எந்தத் திகதி என்பன அதில் இருக்கும். இங்கே வைத்துக்கொண்டவர்கள் டிக்கட் வெட்டும்போதே இவ்விபரங்களை டயக்னோசிஸ் கார்டில் எழுதித் தரும்படி கேட்கலாம். பத்து வருடம் கழித்து இடுப்பு நோவென்று வேறொரு டொக்டரிடம் போகும் நாளில், நாடா எந்தப் பக்கத்தால் போயிருக்கிறது என்பதை அவர் முதலில் தேடுவது அந்தத் தாளில்தான்.