அடுப்புப் புகையும் ஒளி காட்டிய உண்மையும்

கடந்த மாரியில் கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டிலுக்குள் ஈர விறகோடு ஓர் அம்மா போராடிக்கொண்டிருந்தார். நெருப்புப் பிடிக்கவில்லை. சொப்பின் பையொன்றைக் கொளுத்தி அடுப்புக்குள் வைத்தார். கரும்புகை எழும்ப, அருகில் இருந்த பேரப்பிள்ளை இருமியது.

"பிள்ளை, உந்தப் புகையாலை புற்றுநோய் வருமெண்டு சொல்லுகினம். உண்மையே?" என்று கேட்டார். சமூகவியல் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடி வாசித்தேன்.

விறகு சரியாக எரியாதபோது பென்சோபைரீன் போன்ற நச்சுப் பொருட்கள் புகையில் உண்டாகின்றன. பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்குவது. கண்ணுக்குத் தெரியாத இதை எப்படிக் கண்டறிவது? இதற்கு ஒளியும் உதவியிருக்கிறது.

1900 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் ஒரு புதுமையை வெளியிட்டார். குளத்து நீரில் வாழும் பரமேசியம் என்ற நுண்ணுயிர், அக்ரிடின் என்ற பொருள் கலந்த நீரில் இருட்டில் பிழைத்தது. வெளிச்சம் பட்டதும் இறந்தது. 1960களில் அமெரிக்காவில் சாமுவேல் எப்ஸ்டீனும் அவரது குழுவினரும் இதே வழியைக் காற்று மாசுக்குப் பயன்படுத்தினர். மாசுப் பொருட்களோடு பரமேசியத்தைச் சேர்த்து, கழியூதாக் கதிர் பாய்ச்சி, அவை எவ்வளவு நேரத்தில் இறக்கின்றன என்று அளந்தனர். பென்சோபைரீன் அவற்றை விரைவாகக் கொன்றது.

ஆனால் ஒளியில் நஞ்சாகும் எல்லாப் பொருளும் புற்றுநோய் தருவதில்லை. இச்சோதனை, எதை மேலும் ஆராய வேண்டுமென்று காட்டும் எச்சரிக்கை மட்டுமே. ஒருவருக்கு நோய் வருமென்று அது சொல்லாது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வீட்டில் விறகு எரிப்பதால் வரும் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகமுள்ளது என்று வகைப்படுத்தியுள்ளது. வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்குமென்று 2013 இல் உறுதியாக அறிவித்தது.

அன்புச் சகோதரிகளே, பயந்து அடுப்பை அணைக்க எம்மால் முடியாது. புகையைக் குறைக்க முடியும். மாரிக்கு முன்பே விறகைக் காயவைத்து மூடி வையுங்கள். பொலித்தீனை ஒருபோதும் கொளுத்தாதீர்கள். பன்னாடையும் சிரட்டையும் போதும். சமைக்கும்போது கைக்குழந்தையை அடுப்படியில் வைத்திருக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்குப் போங்கள்.

இவற்றைச் சொன்னபோது அந்த அம்மா, "எல்லாம் சரி பிள்ளை, புகைக்கூடு ஆர் கட்டித் தாறது?" என்றார். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவரின் நியாயமான கேள்வி அது. வீட்டுத்திட்டம் பற்றிப் பேசும்போது புகைக்கூட்டோடு கூடிய அடுப்படியையும் கேட்போம். எமது மாதர் சங்கக் கூட்டங்களில் இதுவும் ஒரு கோரிக்கையாகட்டும்.