விலங்கும் உழைப்பும்: மூன்று நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

விலங்குகளைப் பற்றிய நூல்கள் உலக இலக்கியத்திற்குப் புதியனவல்ல. பஞ்சதந்திரத்திலும் ஈசாப்பின் கதைகளிலும் விலங்குகள் பேசுகின்றன. ஆயின் அங்கு பேசுவோர் உண்மையில் மனிதரே. நரியின் சூழ்ச்சியும் சிங்கத்தின் செருக்கும் மனிதக் குணங்களே. மறுபுறத்தில், இயற்கை விஞ்ஞானிகளின் நூல்கள் விலங்கை மனிதரினின்றும் பிரித்தெடுத்து, அதன் உடலமைப்பையும் பழக்கங்களையும் விவரிக்கின்றன. இவ்விரண்டிலும் அடங்காத இன்னொரு வகை கைத்தொழிற் புரட்சியின் பின்னர் முனைப்புற்றது. மனிதரின் உழைப்புக் களத்தினுள் வாழும் விலங்கை, அக்களத்தின் உறவுகளோடு சேர்த்துக் காட்டும் நூல்களே அவை. அத்தகைய மூன்று நூல்கள் ஈண்டு நோக்கப்படுகின்றன. விலங்கின் நிலையைப் பெரிதும் தீர்மானிப்பவை தனிமனிதரின் குணநலன்களல்ல, உற்பத்தி உறவுகளே என்பதை இவை வெவ்வேறு அளவில் உணர்த்துகின்றன. அவ்வுணர்த்தலில் எப்பகுதியைச் சமுதாயம் ஏற்றது, எப்பகுதியைக் கைவிட்டது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

முதலாவது, அன்னா சுவெல் எழுதிய 'பிளாக் பியூற்றி'. 1877இல் வெளிவந்த இந்நூல், ஒரு குதிரை தன் வரலாற்றைத் தானே கூறும் வகையில் அமைந்தது. சிறுவயதில் ஏற்பட்ட விபத்தினால் நடக்க இயலாது குதிரை வண்டிகளையே நம்பி வாழ்ந்த சுவெல், தமது இறுதி ஆண்டுகளில் இதனை எழுதினார். நூல் வெளிவந்த சில மாதங்களில், 1878இல், காலமானார். இன்று சிறுவர் இலக்கியமாகவே கருதப்படினும், குதிரைகளைப் பராமரிப்போரையும் ஓட்டுவோரையும் மனங்கொண்டே அவர் இதனைப் படைத்தார். செல்வர் வீட்டு வண்டிக் குதிரைகளின் தலையை அழகுக்காக மேல்நோக்கி இழுத்துக் கட்டும் வாரின் கொடுமையை இந்நூல் விரிவாக எடுத்துக்காட்டிற்று. அவ்வழக்கத்திற்கு எதிரான இயக்கத்திற்கு அது பெருவலுச் சேர்த்தது.

எனினும் நூலின் ஆழமான பகுதி இலண்டன் வாடகை வண்டிகளைப் பற்றியதாகும். அங்கு சாம் என்னும் ஏழை வண்டியோட்டி ஒருவன் வருகின்றான். ஒரு வண்டிக்கும் இரு குதிரைகளுக்குமாக நாளொன்றுக்கு 18 சிலிங் வாடகையை அவன் உரிமையாளனுக்குச் செலுத்த வேண்டும். அதாவது, ஒவ்வொரு குதிரையும் 9 சிலிங்கை ஈட்டிக் கொடுத்த பின்னரே அவனுக்கென ஒரு பென்னியேனும் கிட்டும். அதனால் அவன் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைக்கின்றான். களைத்த குதிரையைச் சவுக்கால் அடிக்கின்றான். ஈற்றில் தானே நோயுற்று இறக்கின்றான். கதாநாயகக் குதிரையின் தோழியான ஜிஞ்சரும் வாடகை வண்டியிழுத்தே நலிந்து மடிகின்றது. குதிரையின் முதுகில் விழும் அடிக்கும் ஓட்டியின் மரணத்திற்கும் காரணம் ஒன்றே என்பதைச் சுவெல் தெளிவாகக் கண்டுள்ளார்.

ஆனால் கண்ட நோய்க்கு அவர் கூறும் மருந்து நல்ல எசமானரே. ஜெரி என்னும் நேர்மையான வண்டியோட்டி நோயுற்றதும், முன்பு அவனது மனைவி பணிபுரிந்த வீட்டுச் சீமாட்டி அவனுக்கு வேலை கொடுத்துக் காக்கின்றாள். குதிரையும் இறுதியில் இரக்கமுள்ள பெண்களின் இல்லத்தை அடைகின்றது. மனிதனுக்கும் விலங்கிற்கும் மீட்சி ஒரே வழியிலேயே கிட்டுகின்றது. வாடகை முறையோ அவ்வாறே எஞ்சுகின்றது. அக்காலச் சட்டங்களின் நோக்கும் இதனையொத்ததே. இங்கிலாந்தில் 1822, 1835, 1849 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களும், பிரித்தானிய ஆட்சியில் இலங்கையில் 1907இல் இயற்றப்பட்ட மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டமும் அடித்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல் போன்ற செயல்களையே குற்றமாகக் கொண்டன. சவுக்கேந்திய கை சட்டத்தின் கண்ணிற்பட்டது. அக்கையை உந்திய 18 சிலிங் படவில்லை.

இரண்டாவது நூலான 'த ஜங்கிள்' அப்டன் சின்கிளேயரின் படைப்பு. 1904இல் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ ஏழு வாரங்கள் நேரில் ஆராய்ந்து அவர் எழுதிய இந்நாவல், 1905இல் சோசலிச வார இதழொன்றில் தொடராகவும் 1906இல் நூலாகவும் வெளிவந்தது. இங்கே விலங்கு உழைப்பாளியல்ல; மூலப்பொருள். பன்றிகள் சுழலும் சக்கரத்தால் காலிற் பிணித்துத் தூக்கப்பட்டு, ஒவ்வொரு தொழிலாளியையும் கடந்து செல்லும் போக்கிலேயே கூறுபடுத்தப்படுகின்றன. இதனைக் காணும் லித்துவேனியத் தொழிலாளி ஜூர்கிஸ், தான் பன்றியாய்ப் பிறக்காததையிட்டு ஆறுதலடைகின்றான். நாவலின் பிற்பகுதியிலேயே, முதலாளிகளின் கணக்கில் தானும் அப்பன்றியும் ஒன்றே என்பதை உணர்கின்றான். இவ்வொப்புமை வெறும் உவமையன்று. ஹென்றி போர்ட் தமது மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் தொடர் உற்பத்தி முறைக்கான எண்ணம் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் தொங்கு தடத்திலிருந்து கிடைத்ததென 1922இல் வெளியான தமது நூலிற் குறிப்பிட்டார். விலங்கின் உடலைக் கூறுபடுத்தக் கண்டறியப்பட்ட ஒழுங்கு, மனித உழைப்பைக் கூறுபடுத்தும் ஒழுங்காயிற்று.

நாவல் விளைவித்த கொந்தளிப்பின் பயனாக 1906 ஜூன் 30இல் அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், தூய உணவு, மருந்துச் சட்டமும் நிறைவேறின. நுகர்வோர் பயனடைந்தனர். தொழிலாளரின் வேலை நேரம், கூலி, பாதுகாப்பு என்பன பற்றி அச்சட்டங்களில் ஏதுமில்லை. விலங்கின் துயர் பற்றியும் இல்லை. தொழிலாளரின் அவலத்தை உணர்த்த முயன்ற தமக்குக் கிட்டியது மக்களின் உணவுக் கவலை மட்டுமே எனச் சின்கிளேயர் பின்னாளிற் குறைபட்டுக்கொண்டார்.

மூன்றாவது, பிரித்தானியரான றூத் ஹரிசனின் 'அனிமல் மெஷீன்ஸ்'. 1964இல் வெளிவந்த இந்நூலுக்கு றேச்சல் காசன் முன்னுரை வழங்கினார். கம்பிக் கூண்டுகளில் நெருக்கி அடைக்கப்பட்ட முட்டைக் கோழிகள், இறைச்சி வெண்மையாய் இருக்கவேண்டுமென இரும்புச்சத்துக் குறைந்த உணவூட்டி, திரும்பவும் இடமற்ற அடைப்புகளில் வளர்க்கப்பட்ட கன்றுகள் என்பவற்றை இது ஆவணப்படுத்திற்று. இந்நூலிற் கொடியவர் என எவரையும் சுட்டிக்காட்டுதல் அரிது. எவரும் சவுக்கேந்தவில்லை. ஒரு சதுர அடி இடத்திற்கும் ஓர் இறாத்தல் தீவனத்திற்கும் கிடைக்கும் இலாபக் கணக்கே கொடுமையை நிகழ்த்துகின்றது. இரக்கமுள்ள விவசாயியும் சந்தை விலைக்கு ஈடுகொடுக்க அதே கூண்டை வாங்க நேர்கின்றது. நல்ல எசமானர் என்னும் தீர்வு இங்கு தகர்ந்துவிடுகின்றது.

நூலெழுப்பிய எதிரொலியால் பிரித்தானிய அரசு பேராசிரியர் பிரம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. விலங்கு எழுந்து நிற்கவும் படுக்கவும் திரும்பவும் தன்னைத் தூய்மை செய்யவும் கால்களை நீட்டவும் இடம் வேண்டுமென 1965இல் அக்குழு கூறிற்று. 1968இல் பண்ணை விலங்குகளுக்குத் தேவையற்ற வேதனை விளைவித்தலைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. ஆயினும் வெறுங் கம்பிக் கூண்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2012இலேயே. நூல் வெளிவந்து அப்போது 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தடையும் முட்டையிடும் இடம் முதலியன பொருத்திய, சற்றே பெரிய கூண்டுகளை அனுமதித்தது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படும். ஒவ்வொரு நூலும் ஓர் உற்பத்தி முறையை முழுமையாகக் காட்டிற்று. அதிலிருந்து சமுதாயம் ஏற்றுக்கொண்டதோ, அம்முறையைக் குலைக்காது நீக்கத்தக்க பகுதியை மட்டுமே: முதலாவதிலிருந்து கழுத்து வாரை, இரண்டாவதிலிருந்து கெட்ட இறைச்சியை, மூன்றாவதிலிருந்து மிக ஒடுங்கிய கூண்டை. இச்சீர்திருத்தங்கள் பயனற்றவை என்பதல்ல இதன் பொருள். வேதனை குறைதல் வேதனைப்படும் உயிருக்குச் சிறிய காரியமன்று.

மனிதர் பட்டினி கிடக்கையில் விலங்கைப் பற்றிப் பேசுவதா என்னும் கேள்வி முற்போக்காளர் சிலரிடையேயும் உண்டு. சாமும் அவனது குதிரையும், ஜூர்கிஸும் அவன் கண்ட பன்றியும் ஒரே கணக்கேட்டின் இரு பத்திகளிற் பதியப்பட்டவர்கள் என்பதை இந்நூல்கள் காட்டியபின், அக்கேள்வி பொருத்தமற்றதாகின்றது. எனவே விலங்கைப் பற்றிய நூலொன்றை மதிப்பிடுகையில், அது எவ்வளவு இரக்கத்தை எழுப்புகின்றது என்பதோடு நின்றுவிடலாகாது. அவ்விலங்கின் அருகில் உழைக்கும் மனிதனை அது காட்டுகின்றதா, இருவரின் உழைப்பும் எவர் கைக்குச் செல்கின்றதென்பதைக் கூறுகின்றதா என்றும் வினவுதல் வேண்டும்.