காற்று நின்றால் காயில் கருகும்: வாட்டர் வாஷ் கடை வேக்குவமும் தீயும்

கடலூருக்கு மேற்கே கெடிலம் ஆற்றங்கரையில் அமைந்த திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலிலும் அதை ஒட்டிய ஔஷதகிரி மலையிலும், நல்ல முகூர்த்த நாள் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடைபெறுவதுண்டு. அத்திருமணங்களுக்கான வாகனங்கள் முதல் நாளே கழுவப்பட வேண்டும், மறுநாள் உதிர்ந்த மல்லிகையும் அட்சதையும் ஜிகினாத் துகளும் அவற்றிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்பதால், ‘வாட்டர் வாஷ்’ என்றும் ‘வாட்டர் சர்வீஸ்’ என்றும் பலகை மாட்டிய கடைகளில் அத்தகைய நாள்களில் வேக்குவம் எந்திரத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கடைக்காரரின் கவனம் தண்ணீரைப் பீய்ச்சும் பம்பின் மீதும் காரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டின் மீதும் இருக்குமே தவிர, மூலையில் கிடக்கும் வேக்குவத்தின் மீது இருப்பது அரிது. ஆயினும் மோட்டாரின் அமைப்பைக் கொண்டு பார்த்தால், இம்மூன்றில் விரைவில் தேயக்கூடியதும், பழுதாகும்போது தீப்பிடிக்கும் வாய்ப்பு மிகுந்ததும் அந்த வேக்குவமே.

காரணம் மோட்டாரின் வகையிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இரு வகை மோட்டார்களும் அருகருகே உள்ளன: மாவு அரைக்கும் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், மிக்சியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். முன்னதில், நிலையாக இருக்கும் சுருள்களின் காந்தப்புலமே சுழலும் பகுதியைத் தூண்டி ஓடச் செய்வதால், மின்சாரத்தைக் கடத்துவதற்கென்று உரசிக்கொண்டிருக்கும் பாகம் எதுவும் அதில் இல்லை. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக இயங்கும்போது அதன் வேகமும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. பின்னதில், ‘ஆர்மேச்சர்’ எனப்படும் சுழலும் சுருளுக்கு மின்சாரம் சென்றுசேர, ‘கார்பன்’ என்று மெக்கானிக்குகள் சுருக்கமாகச் சொல்லும் இரண்டு கரித்துண்டுகள், ‘கம்யூட்டேட்டர்’ என்னும் செப்புப் பட்டைகளாலான வளையத்தின் மீது ஓயாமல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக, கைக்குள் அடங்கும் அளவுள்ள மோட்டாரே நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் ஓடி, காற்றை உறிஞ்சும் வலுவைத் தருகிறது. சில நிமிடங்கள் ஓடினால் சற்று நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று மிக்சியின் குறிப்பேடு எச்சரிப்பதும், மீறினால் அதன் அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் தெறித்து மின்சாரத்தைத் துண்டிப்பதும் இந்த வகை மோட்டாரின் இயல்பால்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த மோட்டார் வாட்டர் வாஷ் கடையில் மணிக்கணக்காக ஓடுகிறது என்றால், அதைக் காத்து நிற்பது அதன் வழியே இடையறாது செல்லும் காற்று ஒன்றே.

அந்தக் காற்று எவ்வழியாகச் செல்கிறது என்பதைப் பொறுத்து வேக்குவம் மோட்டார்கள் இரண்டாகப் பிரிகின்றன. ‘த்ரூ-ஃப்ளோ’ வகையில், தூசியோடு உறிஞ்சப்பட்ட காற்றே வடிகட்டியைக் கடந்து மோட்டாரின் சுருள்கள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் குளிர்வித்துவிட்டு வெளியேறுகிறது. ‘பைபாஸ்’ வகையில், உறிஞ்சப்பட்ட காற்று மோட்டாரைத் தொடாமல் பக்கவாட்டில் வெளியேறிவிட, மோட்டாரைக் குளிர்விப்பதற்கு மட்டும் தனியாக ஒரு சிறு விசிறி வெளிக்காற்றை எடுத்துக்கொள்கிறது. ஈரத்தையும் உறிஞ்ச வேண்டிய எந்திரத்துக்கு இரண்டாவது வகையே ஏற்றது. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் முதல் வகையைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கார் கழுவும் கடையில் வைப்பது, பழுதை விலைகொடுத்து வாங்குவதாகவே முடியும். 1901இல் ஹூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியாளர் உருவாக்கிய உறிஞ்சும் எந்திரம் குதிரை வண்டியில் தெருவிலேயே நின்றுகொள்ள, நீண்ட குழாய்கள் மட்டும் சன்னல் வழியாக வீட்டுக்குள் சென்றன. எந்திரத்தின் பெரிய உருவமே அதற்குக் காரணம் என்றாலும், மோட்டாரும் தூசியும் ஒரே பெட்டிக்குள் அடைபட்ட பிறகு தோன்றிய சிக்கல் பலவும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

குழாயில் துணித்துண்டோ பிளாஸ்டிக் உறையோ சிக்கி அடைத்துக்கொண்டாலும், வடிகட்டித் துணியில் விபூதி போன்ற நுண்தூள் படிந்து துளைகள் மூடிக்கொண்டாலும், எந்திரத்தின் ஒலி சட்டென்று கீச்சிடும் குரலுக்கு உயர்கிறது. மோட்டார் திணறுவதாலேயே இவ்வொலி எழுகிறது என்று பலர் கருதினாலும், நடப்பது அதற்கு நேர்மாறானது: தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து, யுனிவர்சல் மோட்டாரின் இயல்புப்படி அதன் வேகம் கூடுகிறது. சுமை குறைந்தாலும் வெப்பம் வெளியேற வழியில்லாததால், த்ரூ-ஃப்ளோ வகையில் சுருளின் வெப்பநிலை வேகமாக ஏறுகிறது. சுருள் கம்பியின் மீது பூசப்பட்ட காப்பு வார்னிஷ் தன் வகைக்கு ஏற்ப 130, 155 அல்லது 180 டிகிரி செல்சியஸ் வரை தாங்கவல்லது. எனினும் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. வார்னிஷ் உதிர்ந்த இடத்தில் கம்பியோடு கம்பி தொட்டுக்கொள்வதைத்தான் ‘காயில் கருகிவிட்டது’ என்கிறார்கள்.

தண்ணீரைவிடவும் நுரையே இம்மோட்டாருக்குப் பெரும் பகை. தொட்டியில் நீர் நிறைந்தால் மேலெழுந்து உறிஞ்சுவாயை அடைத்துக்கொள்ள ஒரு மிதவை எந்திரத்துக்குள் இருக்கிறது. ஆனால் எடை குறைந்த ஷாம்பு நுரை அம்மிதவையைத் தூக்காது, அதைச் சுற்றிச் சென்று விசிறிக்குள் நுழைந்து, அங்கிருந்து பேரிங்கின் கிரீசைக் கரைத்துவிடும். ஃபோம் வாஷ் பரவலான பிறகு, தரைவிரிப்பில் தங்கிய நுரையையும் அதே வேக்குவத்தால் எடுப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், நுரையை அடக்கும் திரவத்தைத் தொட்டியில் சிறிது ஊற்றிவைக்கும் எளிய முறையைப் பின்பற்றும் கடைகள் சிலவே. இவற்றுக்கு மேல் வெள்ளமும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையாற்றில் பெருகிய வெள்ளம் கடலூர்ப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய காருக்குள் படியும் வண்டல், ஈரமாக உறிஞ்சப்பட்டு எந்திரத்துக்குள் காய்ந்தபின் அரத்தூள் போலப் பேரிங்கை அராவிவிடும். கடலோர ஊர்களின் உப்புக் காற்று செப்புப் பட்டைகளையும் இணைப்பு முனைகளையும் அரிப்பது தனிக்கதை.

கரித்துண்டு தேய்வது பழுதன்று. தேய்வதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. பொதுவாக 500 மணி முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும் கார்பன், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எந்திரம் ஓடும் கடையில் நான்கைந்து மாதங்களிலேயே முடிந்துவிடக்கூடும். உரிய காலத்தில் மாற்றாவிடில், அதைத் தள்ளும் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து தொடர்பு விட்டுவிட்டு ஏற்பட, வழக்கமாகச் சிறிதாகத் தோன்றும் தீப்பொறி பெரிதாகிச் செப்புப் பட்டைகளைக் கருக்கத் தொடங்குகிறது. பட்டைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் கரித்தூள் படியும்போது, வளையம் முழுவதையும் சுற்றி நெருப்பு ஓடும் நிலையும் வரலாம். தேய்ந்த கரியின் தூள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், அது மோட்டாரின் உட்சுவரில் படிந்து உடற்பகுதிக்கு மின்கசிவை உண்டாக்குவதும், நனைந்த தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அதிர்ச்சி தருவதும் உண்டு. கார்பன் ஜோடியின் விலை பெரும்பாலும் ஒரு காரைக் கழுவ வாங்கும் கட்டணத்தைவிடக் குறைவு. அதை மாற்றுவதைத் தள்ளிப்போடுவதால் ஆர்மேச்சரே போய்விடுகிறது. இதனினும் கவலைக்குரிய பழக்கம் ஒன்று உள்ளது. வெப்பம் மிகும்போது மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட், எந்திரத்தை அடிக்கடி நிறுத்தித் தொல்லை தருகிறது என்று, சுருளை மறுபடி சுற்றும் ‘ரீவைண்டிங்’ செய்யும்போதே அதை நீக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுகிறார்கள்; இவ்வாறு செய்யப்பட்ட எந்திரத்தில் அடுத்த முறை சூடேறும்போது நிறுத்துவதற்கு எதுவும் இருப்பதில்லை.

தீ எப்போதும் மோட்டாரிலேயே தொடங்குவதில்லை. மூன்று மோட்டார்கள் கொண்ட 3,000 வாட் எந்திரம் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அதை 16 ஆம்பியர் பவர் பாயின்டில் செருகாமல், மாற்று முனை கொண்டு 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால், தளர்ந்த பித்தளைத் தொடர்பு சூடேறிப் பிளாஸ்டிக் உருகக்கூடும். மின்சாரம் இரு மடங்கானால் அத்தொடர்பில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும்.

ஆனால் மிகவும் வஞ்சகமான தீ தொட்டிக்குள் பிறப்பதாகும். அணைந்துவிட்டதாக எண்ணப்பட்ட பீடித் துண்டோ ஊதுவத்தியின் முனையோ கனலுடன் குழாய்க்குள் சென்றால், முடியும் பஞ்சும் காகிதமும் நிறைந்த தூசிப் படுகையில் அது விழ, இடைவிடாது பாயும் காற்று அக்கனலை ஊதிவிடுகிறது. எந்திரம் ஓடும்வரை காற்றோட்டம் வெப்பத்தையும் புகையையும் வெளியே கொண்டுபோய்விடுவதால் ஐயம் எழுவதில்லை; நிறுத்தியபின் வெப்பம் உள்ளேயே தேங்கி, கடையைப் பூட்டிச் சென்ற சில மணி நேரத்துக்குப் பின்னரே சுடராகும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டுக் கார்களில் இதற்குத் துணைசெய்யும் பொருள்களும் ஏராளம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சென்று திரும்பும் வேன்களிலும், ஆயுத பூஜை முடிந்த வாகனங்களிலும் சிதறிக் கிடக்கும் கற்பூரம், சுமார் 65 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடுகிறது. கற்பூரம் தானாக எரியத் தொடங்காது என்பது உண்மையே. ஒரு கனலோ தீப்பொறியோ சேர்ந்தால் அது எவ்வாறு எரியும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோலின் செய்தி வேறு. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியளவு குளிரிலும் தீப்பற்றும் ஆவியைத் தரும் அது, காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் போதும், கார்பனின் மிகச் சிறிய பொறியே அதைப் பற்றவைத்துவிடும். தார்க் கறையைப் போக்கத் துணியில் தொட்ட பெட்ரோலோ தின்னரோ உலர்வதற்கு முன் அங்கே வேக்குவத்தை ஓட்டுவது இதனாலேயே கூடாது. பைபாஸ் மோட்டாரும் இங்கே முழுக் காப்பன்று, ஏனெனில் காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு பரவி, மோட்டாரின் குளிர்விசிறி வழியாகவும் உள்ளே நுழையக்கூடும். பெட்ரோல் பங்க் வளாகங்களில் பம்பைச் சுற்றிய பகுதிகளை இந்தியத் தரநிலை ஐஎஸ் 5572 அபாய மண்டலங்களாக வகுத்திருப்பதும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்கீழ் அவற்றைக் கண்காணிப்பதும் இதே அடிப்படையில்தான். பொறி பறக்கும் சாதாரண வேக்குவத்துக்கு அம்மண்டலங்களுக்குள் இடமில்லை.

தீ தென்பட்டால் முதற்செயல் மெயின் சுவிட்சை நிறுத்துவதே. கையில் எப்போதும் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம் என்பதால் வாட்டர் வாஷ் கடையில் கை தானாகவே அதைத் தேடிச் செல்லும் ஆபத்து அதிகம். இணைப்பைத் துண்டிக்காமல் நீரைப் பாய்ச்சினால், எரியும் எந்திரத்தைவிட மின்னதிர்ச்சியே முதலில் உயிரைப் பறிக்கக்கூடும். கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் தீயணைப்பான் மோட்டாரின் சுடரை அடக்கும். தூசிக்குள் புதைந்த கனலை அது முழுமையாக அணைக்காது என்பதால், பிளக்கைப் பிடுங்கியபின் தொட்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் நீரூற்றிக் கிளறிவிட வேண்டும்.

நாள்தோறும் கடை மூடும் முன் தொட்டியைக் காலிசெய்து மூடியைத் திறந்துவைப்பதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபியைப் பொருத்தி அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் செலவற்ற அல்லது ஒரே முறைச் செலவுள்ள வேலைகள். எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் பெரிய பராமரிப்புக்கோ நாள் வேண்டும். திருமணமில்லா மார்கழியிலும் சபரிமலை வேன்கள் வந்து நிற்பதால் கடைகளுக்கு ஓய்வில்லை. ஆண்டில் உண்மையாகவே கை ஓயும் மாதம் ஆடி. வடிகட்டியை மாற்றி, கார்பனை ஜோடியாகப் புதுப்பித்து, கம்யூட்டேட்டரின் இடைவெளிகளைத் துடைத்து, ‘டைரக்ட்’ செய்யப்பட்ட கட்-அவுட்டை மீண்டும் பொருத்த அம்மாதமே உகந்தது. ஆவணியின் முதல் முகூர்த்தம் வந்துவிட்டால் அதற்கென்று எந்திரத்தை நிறுத்த எந்தக் கடைக்காரரும் இசையமாட்டார்.