டார்ச் லைட்டுக்கும் காய்ச்சல் வரும்!

கள்ளக்குறிச்சிப் பக்கம் ராத்திரியில் கரும்புக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? டார்ச் லைட்! கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருட்டிய பிறகு ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கும் அதுதான் துணை. வழியில் பாம்பு கிடந்தால் நாலடி முன்னாலேயே தெரிய வேண்டும் அல்லவா?

பேட்டரி தீர்ந்தால் விளக்கு மங்கும். அது உங்களுக்கே தெரியும். சூடு ஏறினாலும் மங்கும் என்பது தெரியுமா, குட்டிகளே?

"எல்.இ.டி. சூடாகாதே!" என்கிறீர்களா? பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ந்து ஒளிரும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளியே போய்விடும். எல்.இ.டி. வெளிச்சத்தில் அந்தக் கதிர் மிகமிகக் குறைவு. ஆனால், அதிகச் சக்தியுள்ள எல்.இ.டி.க்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ வெப்பமாகிவிடுகிறது. அது கடுகளவு சில்லுக்குள்ளேயே தங்கிவிட்டால் வெளிச்சம் குறையும். விளக்கின் ஆயுளும் குறையும்.

வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது? ஒரு சோதனை செய்வோம். அம்மாவிடம் சொல்லி, வெந்நீரில் ஓர் எவர்சில்வர் கரண்டியையும் ஒரு மரக்கரண்டியையும் நிற்க வையுங்கள். சற்று நேரம் கழித்துக் காம்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறது? இதற்குத்தான் 'வெப்பக் கடத்தல்' என்று பெயர்.

கடத்தும் திறனுக்கு மதிப்பெண் போட்டால் செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்குச் சுமார் 235, எவர்சில்வருக்குச் சுமார் 15. ரேடியோவுக்குள் இருக்கும் சாதாரண சர்க்யூட் பலகை கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. அதற்கு 0.3 தான்! காற்றுக்கோ வெறும் 0.025.

அதனால்தான் அதிகச் சக்தியுள்ள டார்ச்சில் எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டின் மேல் அமைக்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல். அலுமினியம் மின்சாரத்தையும் கடத்துமே! 'ஷார்ட் சர்க்யூட்' ஆகிவிடாதா? அதைத் தடுக்கச் செம்பு இணைப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு காப்புப் படலம் வைக்கிறார்கள். அது மின்சாரத்தைத் தடுக்கும். பீங்கான் வகைத் தூள் கலந்து, சுமார் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லியதாக இருப்பதால் வெப்பத்தை ஓரளவு விட்டுவிடும்.

ஆனாலும் வழியில் அதுதான் பெரிய தடை. பல எல்.இ.டி.களின் அடியில், மின்சாரம் ஓடாத, வெப்பம் இறங்குவதற்காகவே அமைத்த ஒரு தளம் உண்டு. அதைக் காப்புப் படலம் இல்லாமல் நேரடியாகச் செம்புத் தகட்டில் ஈயப் பற்று வைத்தால் வெப்பம் தடையின்றி இறங்கும். அங்கிருந்து டார்ச்சின் உலோக உடலுக்கு, பிறகு வெளிக்காற்றுக்கு! இடையில் காற்று இடைவெளி வராதபடி ஒரு பசையும் தடவுவார்கள்.

ஆகவே உலோக டார்ச் வெதுவெதுப்பானால் பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வருகிறது என்று அர்த்தம். ஆனால் கை பொறுக்காத அளவு சுட்டால் உடனே அணைத்துவிடுங்கள். எரியும் டார்ச்சைத் துணியில் சுற்றவோ, பைக்குள் போடவோ கூடாது. எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்கவும் கூடாது.

இப்போது யோசியுங்கள்: பெரிய டார்ச்சுகளின் தலைப்பகுதியில் வளையம் வளையமாக வரிப்பள்ளங்கள் இருக்குமே, அவை அழகுக்கு மட்டும்தானா?