நெடுந்தீவுக்கு வந்த தக்கசீலம்

ரியூசனுக்கு வெளிக்கிட முன்னம் கடலை எட்டிப் பார்க்கிற பிள்ளையை உங்களுக்குத் தெரியுமோ?

நெடுந்தீவுப் பிள்ளைகள் அப்படித்தான். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கேயிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். சோளகக் காற்று எழும்பிவிட்டால் அந்தப் படகும் நிச்சயமில்லை.

படகு ஓடாவிட்டாலும் படிக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் இலங்கைக் கல்வி அமைச்சு ‘ஈ-தக்சலாவ’ என்றொரு இணையத்தளம் நடத்துகிறது. முதலாம் தரத்துப் பிள்ளையில் இருந்து உயர்தர மாணவர் வரைக்கும் கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று பல பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. தீவுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, அதென்ன தக்சலாவ? தக்கசீலத்துக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர் அது. இன்றைய பாகிஸ்தானில் இருந்த பழம்பெரும் கல்வி நகரம். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகன், கங்கைக்கரை நாட்டில் இருந்து அவ்வளவு தூரம் போய், அங்கேதான் மருத்துவம் படித்தான் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஆசானைத் தேடி மாணவன் நடந்த காலம் அது. இப்போது அதே பெயரில் பாடம் கடல் தாண்டி வருகிறது.

தம்பி, தங்கச்சிமார், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற நேரம் பார்த்துப் பாடநூலையும் வினாத்தாளையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கோ. படகு ஓடாத நாளில், வீட்டுக் கல்வேலி நிழலில் இருந்து ஆறுதலாகப் படிக்கலாம்.