ஹெல்மெட்டுக்குள் 'டமடம'... உயரமான விண்ட்ஷீல்டு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்!

அதிகாலையில் தாம்பரத்தில் கிளம்பி, பரனூர் டோலின் ஓரப் பாதையில் காசு கட்டாமல் ஜம்மென்று கடந்து, செங்கல்பட்டு தாண்டி வண்டி 80-ஐத் தொட்டதும் அது ஆரம்பிக்கும். ஹெல்மெட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவதுபோல 'டமடம'வென்று அடி. எதிரே வரும் பெயர்ப்பலகையின் எழுத்துகள் அதிரும். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தும்போது கழுத்து இறுகியிருக்கும். மதுரை போய்ச் சேரும்போது தலைவலி. கண்ணாடி பவர் மாறிவிட்டதோ, ராத்திரி சரியாகத் தூங்கவில்லையோ என்றுதான் முதலில் தோன்றும். காற்றின் மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான்.

அப்படிச் சந்தேகம் வந்ததும் பலரும் செய்யும் காரியம், கடைக்குப் போய் இருப்பதிலேயே உயரமான விண்ட்ஷீல்டை வாங்கி மாட்டுவது. செலவு ஆயிரக்கணக்கில். சிலருக்குக் குலுக்கல் நிற்கிறது. சிலருக்கோ முன்பைவிடக் கூடிவிடுகிறது!

ஏன் இப்படி? ஆற்றுப் பாலத்தில் நின்று தூணைப் பாருங்கள். தூணுக்கு முன்னால் வரும் தண்ணீர் அமைதியாக இரண்டாகப் பிரியும். தூணுக்குப் பின்னால்தான் சுழி. விண்ட்ஷீல்டும் அந்தத் தூண் மாதிரிதான். எதிர்க்காற்று அதன் மேல் விளிம்பில் ஏறி உடைந்து, சுழல் சுழலாகப் பின்னால் வருகிறது. அந்தச் சுழல் உங்கள் தலை இருக்கும் உயரத்தில் வந்தால், ஹெல்மெட்டில் அடி. ஆக, தலையை ஆட்டுவது நேராக வரும் காற்றல்ல. உடைந்து வரும் காற்று. நேர்க்காற்று நெஞ்சைத் தள்ளும், களைப்பாக்கும். ஆனால் தலையைக் குலுக்காது.

வேகமும் சேர்ந்து கொள்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 50 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 80-ல் சுமார் இரண்டரை மடங்கு. நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பே 80 கி.மீ.தான். அதற்குமேல் போகிறவர்கள் குலுக்கலைப் பற்றிப் புகார் சொல்வதில் நியாயம் கொஞ்சம் குறைவு.

நாலு விரற்கடை சோதனை

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. வண்டிகள் குறைவாக உள்ள நேரான சாலையில், குலுக்கல் வரும் வேகத்தில் சீராகப் போங்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். ஃபுட்ரெஸ்ட்டில் காலூன்றி, சீட்டிலிருந்து நாலு விரற்கடை எழும்புங்கள். சத்தமும் குலுக்கலும் சட்டென்று குறைகிறதா? அப்படியானால் தலைக்குத் தேவை சுத்தமான நேர்க்காற்று. விண்ட்ஷீல்டு இன்னும் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது கழற்றியே வைத்துவிடலாம். அடுத்து, அதே அளவுக்குக் குனிந்து பாருங்கள். இப்போது அமைதியானால்தான் உயரமான ஷீல்டு உதவும்.

நண்பர் சொன்னார் என்று வாங்குவது ஏன் பலிப்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அவர் ஐந்தரை அடி, நீங்கள் ஆறடி என்றால், ஒரே வண்டி, ஒரே ஷீல்டு, ஆனால் சுழல் அவருக்கு உச்சந்தலைக்கு மேலே போகும், உங்களுக்குக் காதோரம் அடிக்கும். 1976-லேயே பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 100 ஆர்.எஸ். பைக்கின் முன்கவசத்தை இத்தாலியின் பினின்ஃபரினா விண்ட் டனலில் வைத்துச் செதுக்கியது. 2018-ல் வந்த ஹோண்டா கோல்டு விங்கில், பட்டனை அழுத்தினால் ஷீல்டு ஏறி இறங்கும். எல்லாத் தலைக்கும் ஒரே உயரம் ஒத்துவராது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

உயரமான ஷீல்டுதான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. பார்வை அதன் வழியாகப் போகக் கூடாது, அதற்கு மேலாகப் போக வேண்டும். மழையிலும், எதிர் வண்டி விளக்கு அடிக்கும் இரவிலும் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாகச் சாலையைப் பார்ப்பது ஆபத்து.

இருக்கும் ஷீல்டையே சரிசெய்ய முடியுமா? பல நேரம் முடியும். ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால்தான் மேலே போகிற காற்று உங்கள் பக்கம் இழுபடுகிறது. அடிப்பகுதி ஸ்க்ரூக்களில் கொஞ்சம் நீளமானதைப் போட்டு, இடையில் ரப்பர் வாஷர் வைத்து ஒரு சின்ன இடைவெளி விட்டால், அந்த வழியாகக் காற்று நுழைந்து அழுத்தத்தை ஈடுகட்டும். சாய்வும் சற்று மாறும். மேல் விளிம்பில் கவ்வி மாட்டும் சின்னத் தடுப்பும் கிடைக்கிறது. ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். அதே சாலை, அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஷீல்டு பாலிகார்பனேட் என்றால் பெட்ரோல் தொட்டுத் துடைக்கவே வேண்டாம். அது பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

சில சமயம் ஷீல்டில் தப்பே இருக்காது, ஹெல்மெட்தான் காரணம். லூஸான ஹெல்மெட் சின்னச் சுழலுக்கும் ஆடும். அட்வென்ச்சர் ஹெல்மெட்டின் முன்னால் நீளும் தொப்பி விளிம்பு காற்றைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுக்கும். கழற்ற முடிகிற மாடல் என்றால், நெடுஞ்சாலையில் கழற்றிவிடலாம்.

காதுக்கு ஒரு கணக்கு

குலுக்கலைவிடப் பெரிய விஷயம் சத்தம். கழுத்து வலி ஒரு ராத்திரி தூங்கினால் போகும். போன காது திரும்பாது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான 'நியோஷ்' சொல்லும் வரம்பு. அதன்படி 91 டெசிபலுக்கு 2 மணி நேரம்தான். 80 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தொட்டுவிடும். சென்னையில் கிளம்பினால் விழுப்புரம் வரும்போதே அன்றைய கணக்கு முடிந்தது! மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் இதற்குப் போதும். காற்றிரைச்சல்தான் அடங்கும், ஹார்ன் கேட்கும். பாட்டு கேட்கும் இயர்போன் இதற்கு மாற்று அல்ல. இரைச்சலை வெல்ல அதில் சத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடாதீர்கள். பில்லியன் சீட் உயரம். ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டும் தோளும் உடைக்கும் காற்று முழுக்க அவர் முகத்தில்தான். முன்னால் எல்லாம் அமைதியாக இருக்கும்போது, பின்னால் மனைவியோ மகளோ பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். நிறுத்தும் இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஷீல்டை மாற்றினால், அவரையும் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலி தாண்டியதும் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். எதிர்க்காற்று 30 கி.மீ. என்றால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது ஹெல்மெட்டுக்கு அது 110. இங்கே ஷீல்டு எதுவும் பெரிதாகக் காப்பாற்றாது, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. காற்றாலையின் இறக்கைகள் எந்தத் திசை பார்க்கின்றனவோ, காற்று அங்கிருந்து வருகிறது.

கன்னியாகுமரியிலிருந்து திரும்பி வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்று அப்போது இடது பக்கம். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்றே இருக்காது. வண்டி லேசாகத் தெரியும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் சென்டர் மீடியனை நோக்கித் தள்ளும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையை இறுக்காமல், மீடியனுக்கு இரண்டடி இடம் விட்டு முந்துங்கள். அந்த இடம் இல்லையென்றால், லாரியை முன்னால் போகவிடுங்கள்.